அப்பாவின் ஆர்எக்ஸ் 100: வெளுத்துப்போன சிவப்பு அனோடைசிங்கை எப்படி எடுப்பது?

மேலூர் ஆர்எக்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் வேலை முடிந்தது, டேங்க் பெயின்ட் முடிந்தது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு தலைவலி.

என் தம்பி கல்லூரியில் படித்த காலத்தில் வண்டிக்குச் சிவப்பு நிற சிஎன்சி சாமான்களாக, அதாவது கம்ப்யூட்டர் மெஷினில் வெட்டி அனோடைசிங் முறையில் நிறம் ஏற்றிய அலுமினியச் சாமான்களாக, வாங்கி மாட்டினான். பிரேக் லீவர், கிளட்ச் லீவர், ஹேண்டில் பார் முனைக் குண்டு இரண்டு, ஃபோர்க் டாப் போல்ட் இரண்டு, ரியர் செட் (பின்னால் தள்ளி மாட்டும் கால்மிதி, பெடல்) ஒரு ஜோடி. வாங்கியபோது நல்ல ரத்தச் சிவப்பு. ஆறு வருடம் மதுரை வெயிலில் நின்று இப்போது ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. லீவரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் வெயில் படாத அடிப்பக்கம் மட்டும் இன்னும் அப்படியே சிவப்பு. அப்பாவுக்கு இதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவருக்கு வேண்டியது வெறும் வெள்ளி நிறம், கம்பெனியிலிருந்து வந்த மாதிரி.

நான் செய்து பார்த்தது: ஒரு சாமானில் பெயின்ட் ரிமூவர் இரண்டு தடவை தடவினேன். ஒரு பொட்டுகூட அசையவில்லை. அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பர் எடுத்து ஒரு முனைக் குண்டைத் தேய்த்தேன். இரண்டு சாயங்காலம் போனது, ஐந்து தாள் மழுங்கியது, குண்டில் பாதிதான் வெளுத்தது. வெளிநாட்டு வீடியோக்களில் ஓவன் கிளீனர் (சமையல் ஓவனைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடிக்கச் சொல்கிறார்கள். இங்கே கேட்ட கடைகளில் அப்படி ஒன்று இல்லை. பாத்ரூம் ஆசிட்டில் போடு என்கிறார் நண்பர் ஒருவர். போடலாமா? பொருள் கெடாமல் நிறம் மட்டும் போக வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கியர் நாலு எழுதியது:

நண்பரே, பாத்ரூம் ஆசிட் வேண்டாம். கெமிக்கல் கடையில் காஸ்டிக் சோடா கேளுங்கள், செதில் செதிலாக இருக்கும். வீட்டில் சோப்புக் காய்ச்சுகிறவர்கள் வாங்குவது அதுதான். அந்த ஓவன் கிளீனரிலும் இருப்பது இதே சரக்குதான். ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ராத்திரி ஊறப் போட்டால் காலையில் சுத்தமாக வந்துவிடும்.

ஓசூர் ராக் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. ராத்திரி முழுக்க ஊறப் போடாதீர்கள். மேலே எழுதிய நண்பர் நல்ல மனதோடு சொல்கிறார், காஸ்டிக் சோடா என்பதும் சரி, ஆனால் நேரம் தப்பு. காலையில் வாளியைப் பார்த்தால் அந்தக் குண்டு சப்பிப் போட்ட ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். நிமிடக் கணக்கில் முடிகிற வேலை இது.

நான் ஓசூரில் ஒரு அனோடைசிங் ஜாப் ஒர்க் பட்டறையில் பதினோரு வருடம் வேலை பார்த்தவன். ராக்கில் (தொட்டியில் இறக்கும் சட்டம்) ஜாப் (வேலைக்கு வரும் பொருள்) மாட்டுவதில் தொடங்கி டேங்க் பார்ப்பது வரை எல்லாம் செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயின்ட் ரிமூவர் ஏன் தோற்றது என்றால், அங்கே பெயின்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் முக்கி, அதைப் பாசிட்டிவில் இணைத்துப் பதினைந்து வோல்ட் அளவுக்கு மின்சாரம் விடுவோம். உலோகத்தின் மேல்தோலே அலுமினியம் ஆக்சைடாக மாறி வளரும். அந்தத் தோலில் தேன்கூடு மாதிரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். சாயத் தொட்டியில் போட்டால் சாயம் அந்தத் துளைகளுக்குள் இறங்கும். கடைசியாகக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தால் துளைகள் வாயை மூடிக்கொள்ளும். இதைத்தான் சீலிங் என்போம். ஆக, நிறம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, உள்ளே அடைபட்டிருக்கிறது. தாள் மழுங்கிய காரணமும் இதுதான். தச்சர்கள் தேய்க்கும் உப்புத்தாளில் பல வகைகளில் ஒட்டியிருக்கும் மணல் அலுமினியம் ஆக்சைடுதான். கிட்டத்தட்ட உப்புத்தாளை உப்புத்தாளால் தேய்த்திருக்கிறீர்கள்.

சிவப்பு மட்டும் வெளுத்ததும் சாயத்தின் குணம்தான். தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த சாயம் வெயிலில் செத்துவிட்டது. சிவப்பும் ஊதாவும் சீக்கிரம் போகும். கறுப்பு பெரும்பாலும் அதிக நாள் தாங்கும்.

இப்போது முக்கியமான விஷயம். நிறத்தை எடுக்க வேண்டுமானால் அந்தத் தோலையே எடுக்க வேண்டும். தோல் எங்கிருந்து வந்தது? உங்கள் பொருளிலிருந்துதான். 15 மைக்ரான் தோல் என்றால் ஏறக்குறைய 10 மைக்ரான் உலோகத்துக்குள் இறங்கியும் 5 மைக்ரான் வெளியே வளர்ந்தும் இருக்கும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோலைக் கரைத்தால் அந்த 15-ம் போய்விடும். பொருள் அனோடைசிங்குக்கு முன்னால் இருந்ததைவிடவும் மெலிந்துதான் வெளியே வரும். லீவருக்கும் முனைக் குண்டுக்கும் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உங்கள் ரியர் செட்டில் பிரேக் பெடல் சுற்றுகிற இடத்தில் குட்டி பேரிங் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உட்காரும் ஓட்டை 30 மைக்ரான் பெரிதாகிவிடும், அதாவது 0.03 மில்லிமீட்டர். சும்மா கேட்டால் ஒன்றுமில்லாத அளவு. ஆனால் தட்டி இறக்க வேண்டிய பேரிங், விரலால் தள்ளினாலே இறங்கும். போல்ட் மரை இன்னும் மோசம். மரையின் இரண்டு சரிவிலும், இரண்டு பக்கமும் கரைவதால், நடு விட்டத்தில் நாலு மடங்கு குறையும். 15 மைக்ரான் தோல் போனால் 60 மைக்ரான் லூசு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், நிறம் தப்பாக வந்த பன்னிரண்டு பிராக்கெட்டுகளை ஸ்ட்ரிப் பண்ண, அதாவது தோலை உரிக்க, காஸ்டிக் டேங்கில் இறக்கினேன். கரென்ட் போனது. ராக்கைத் தூக்கும் ஹாய்ஸ்ட் நின்றுவிட்டது. கையால் தூக்கி எடுக்க இன்னோர் ஆளைத் தேடிப் போனேன். திரும்பி வர இருபது நிமிடம் ஆகியிருக்கும், டேங்க் 60 டிகிரியில் கொதியாகக் கிடந்தது. வெளியே எடுத்துக் கழுவிப் பார்த்தால், ஓரமெல்லாம் மழுங்கி, மரை போட்டிருந்த ஓட்டைகளில் போல்ட் சுற்றாமலேயே உள்ளே போய் வந்தது. பன்னிரண்டும் காயலான் கடைக்குப் போனது. அந்தப் பிராக்கெட்டில் ஒன்றை எடுத்து என் பெட்டியில் வைத்தேன், இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து காஸ்டிக்கில் ஜாப் இருக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

அப்படியானால் எப்போது எடுப்பது? இதற்கு நல்ல அடையாளம் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் மனதில் வையுங்கள். ஆக்சைடு தோல் சத்தமில்லாமல் கரையும். அலுமினியம் குமிழி விட்டுக் கரையும். ஆக்சைடு கரையும்போது வாயு எதுவும் வராது. காஸ்டிக் நேரடியாக உலோகத்தைத் தொட்டால்தான் ஹைட்ரஜன் வரும். பொருளை இறக்கியதும் கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பயந்து இன்னொரு கை காஸ்டிக் அள்ளிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம் ஓரங்களில், கூர்மையான முனைகளில், ஊசிமுனை அளவு குமிழி வரிசை கட்டும். பிறகு முகம் முழுக்கப் பரவி, சோடா பாட்டில் திறந்த மாதிரி பொங்கும். அந்தப் பொங்கல் வந்த நொடியே வெளியே எடுங்கள். அதற்கு மேல் கரைவது உங்கள் லீவர்.

செய்முறை. பழைய பெயின்ட் வாளி, பிளாஸ்டிக். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அதுவே கரைந்து ஓட்டையாகும். துத்தநாகம் பூசிய தகர வாளியும் ஆகாது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு 50 கிராம் காஸ்டிக். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் செதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் சூடேறித் தெறிக்கும். கரையும்போதே வாளி சூடேறும், அது ஆறும்வரை காத்திருங்கள். பட்டறையில் நாங்கள் சூடாகத்தான் ஓட்டுவோம், ஆனால் அங்கே அதற்கென்று ஆள் நிற்பான். வீட்டில் ஆறிய தண்ணீர்தான் நல்லது, மெதுவாக நடக்கும், உங்களால் பார்த்து நிறுத்த முடியும். போடுவதற்கு முன் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கிரீஸ் போகக் கழுவுங்கள். கிரீஸ் இருந்த இடம் மட்டும் பின்தங்கித் திட்டுத் திட்டாக வரும். லீவரிலிருந்து பித்தளை புஷ்ஷையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிடுங்கள். கட்டித் தொங்கவிட நைலான் நூல் போதும், கம்பி வேண்டாம்.

வெட்டவெளியில் செய்யுங்கள். வருவது ஹைட்ரஜன், பக்கத்தில் அடுப்போ பீடியோ இருக்கக் கூடாது. முழங்கை வரை ரப்பர் கையுறை போடுங்கள், கண்ணை நாலு பக்கமும் மூடுகிற கண்ணாடி போடுங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவருக்கு ஒரே ஒரு துளி கண்ணில் தெறித்தது. ஆசிட் பட்டால் உடனே எரிந்து கத்திவிடுவோம். காஸ்டிக் முதலில் சோப்பு மாதிரி வழுவழுவென்றுதான் இருக்கும், அதற்குள் ஆழமாக இறங்கிவிடும். அவருக்கு இன்றைக்கும் அந்தக் கண்ணில் புகை படிந்த மாதிரிதான் தெரிகிறது. பக்கத்தில் ஒரு குடம் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். தோலில் பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தைகள் ஸ்கூல் போன நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்ரூம் ஆசிட் ஏன் வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். குளோரைடு அலுமினியத்தை ஒரே சீராகத் தின்னாது, குழி குழியாகத் தோண்டும். அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும், பாலிஷில்கூடப் போகாது.

மேலூர் ஆர்எக்ஸ் எழுதியது:

அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. ரியர் செட்டைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே பெடல் பிவட்டில் பேரிங் இருக்கிறது, 19 மில்லிமீட்டர் வெளிவிட்டம். ஃபோர்க் டாப் போல்ட்டுக்கு மரையும் இருக்கிறது. இந்த இரண்டையும் விட்டுவிட வேண்டியதுதானா? இன்னொன்று, கிளட்ச் லீவரின் சிவப்பு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி பளபளப்பாக இருக்கிறது. அதுவும் அனோடைசிங்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓசூர் ராக் எழுதியது:

விட வேண்டியதில்லை தம்பி. பேரிங்கைக் கழற்றி, அந்த ஓட்டையை இரண்டு பக்கமும் ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைத்துவிட்டு முக்குங்கள். உள்ளே சிவப்பு இருந்துவிட்டுப் போகட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்? டாப் போல்ட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஸ்பேனர் பிடிக்கும் தலை மட்டும் முங்குகிற மாதிரி இறக்குங்கள். மரை மேலே காற்றில் இருக்கட்டும்.

அந்த லீவருக்கு மல்டிமீட்டர் வையுங்கள். ஓம்ஸில் வைத்து இரண்டு முனையையும் லேசாகத் தொடுங்கள், அழுத்திக் கீறாதீர்கள். வெறும் அலுமினியம் என்றால் பூஜ்யம் பக்கம் காட்டும். அனோடைசிங் மின்சாரத்தைக் கடத்தாது, ஒன்றும் காட்டாது. பெயின்டும் கடத்தாது, அதனால் இது மட்டும் போதாது. மறைவான இடத்தில் பெயின்ட் ரிமூவர் ஒரு சொட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் தோல் சுருங்கினால் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங், சுருங்காவிட்டால் பெரும்பாலும் அனோடைசிங். மீட்டர் இதைவிட இன்னொரு இடத்தில் உதவும். காஸ்டிக்கிலிருந்து எடுத்துக் கழுவிய பிறகு எங்காவது தோல் மிச்சம் இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது, மீட்டருக்குத் தெரியும்.

எடுத்ததும் பொருள் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருந்தால் பதற வேண்டாம். அதற்கு ஸ்மட் என்று பெயர். அலுமினியத்தோடு கலந்திருக்கும் செம்பு, சிலிக்கான் போன்றவை காஸ்டிக்கில் கரையாமல் மேலே கரி மாதிரி நிற்கும். 6061 என்ற அலுமினிய ரகத்தில் லேசான சாம்பல்தான், 7075 ரகத்தில் செம்பு அதிகம் இருப்பதால் நல்ல கறுப்பு. பட்டறையில் நைட்ரிக் ஆசிட்டில் ஒரு முக்கு முக்கினால் பளிச்சென்று ஆகிவிடும். வீட்டுக்கு நைட்ரிக் வேண்டாம். ஓடும் தண்ணீரில் ஸ்காட்ச் பிரைட்டும் பாத்திரப் பவுடரும் போட்டுத் தேய்த்தாலே போய்விடும்.

லேத் பட்டறை எழுதியது:

ராக் அண்ணன் சொன்னதற்கு மேல் கெமிக்கலில் சேர்க்க எனக்கு ஒன்றும் இல்லை. பாலிஷ் பற்றி மட்டும். காஸ்டிக்கிலிருந்து வருவது மேட் ஃபினிஷ், சாக்பீஸ் தடவின மாதிரி இருக்கும். அப்பாவுக்குக் கம்பெனி மினுமினுப்பு வேண்டுமென்றால் 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பர் தண்ணீர் விட்டுத் தேய்த்து, அப்புறம் துணி வீலில் பஃபிங் சோப்புப் போட்டு ஓட்டுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள், அப்போதுதான் முந்தைய தாளின் கோடு போய்விட்டதா என்று தெரியும். இப்போது ஒரு தாளில் பத்து நிமிடம் போதும், முன்னே மாதிரி இரண்டு நாள் ஆகாது.

ஒரு எச்சரிக்கை. லேசரில் எழுதிய லோகோ இருந்தால் அதுவும் போய்விடும். பெரும்பாலும் அது சாயத்தை வெளுக்க வைத்து எழுதுவது, உலோகத்தில் செதுக்கியது கிடையாது.

வானவில் போல்ட் எழுதியது:

இடையில் என் சந்தேகம் ஒன்று. என் வண்டியில் நீலமும் ஊதாவும் கலந்த டைட்டானியம் போல்ட்டுகள் இருக்கின்றன. அதற்கும் இதே காஸ்டிக்தானா?

ஓசூர் ராக் எழுதியது:

இல்லை நண்பரே, அது வேறு சங்கதி. டைட்டானியத்தில் சாயமே கிடையாது. தண்ணீர் மேல் மிதக்கும் டீசல் படலத்தில் வானவில் தெரிகிறதே, அதே மாதிரிதான். ஆக்சைடு படலம் மெல்லியதாக இருப்பதால் ஒளி அப்படிப் பிரிந்து தெரிகிறது. எத்தனை வோல்ட் விட்டார்களோ அதற்கேற்ற நிறம். நாம் கலக்கிய காஸ்டிக் அதை ஒன்றும் செய்யாது. படலம் ரொம்ப மெல்லியது, தலையை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்த்தாலே போய்விடும். கெமிக்கலில் எடுக்க வேண்டுமென்றால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்ததுதான் வேண்டும். அதை யார் கொடுத்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், எலும்பு வரை இறங்குகிற சரக்கு அது.

மேலூர் ஆர்எக்ஸ் எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலை செய்து முடித்தேன், விவரம் சொல்கிறேன்.

மொட்டை மாடியில், அஞ்சு லிட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ காஸ்டிக். கரைந்தபோது வாளி நன்றாகச் சூடேறியது, ஒரு மணி நேரம் ஆறவிட்டேன். முதலில் பாதி தேய்த்து ஏற்கெனவே கெட்டுப்போன அந்தக் குண்டைத்தான் இறக்கினேன். அண்ணன் சொன்னது அச்சு அசல். தேய்த்த பாதி உடனே குமிழி விட்டது, தேய்க்காத பாதி கம்மென்று கிடந்தது. ஒரே பொருளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். மூன்றாவது நிமிடம் சிவப்புப் பகுதியின் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. நூலைத் தூக்கியபோது சிவப்பு அழுக்கு மாதிரி வழிந்து இறங்கியது. நாலரை நிமிடத்தில் முழுவதும் பொங்கியது, எடுத்துவிட்டேன். அடுத்த குண்டு ஐந்து நிமிடம். பிரேக் லீவருக்கு ஏழு. ரியர் செட் ஒன்பது நிமிடம் ஆனது, அதில் தோல் தடிமன் போல. கார்க் வைத்த ஓட்டையில் பேரிங் பழையபடி தட்டித்தான் இறங்கியது.

கிளட்ச் லீவர் வெறும் பெயின்ட்தான் அண்ணா! ரிமூவரில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. ஒரே கடையில் ஒரே ஜோடியாக விற்றது, ஒன்று அனோடைசிங், இன்னொன்று பெயின்ட். அன்றைக்கு முதல் தடவை பெயின்ட் ரிமூவரை இதில் தடவியிருந்தால் நான் எல்லாமே பெயின்ட் என்று நினைத்திருப்பேன்.

ஸ்மட் லீவரில்தான் அதிகம், கரிச்சட்டி மாதிரி இருந்தது. தேய்த்ததும் போய்விட்டது. டாப் போல்ட் இரண்டும் தலை வெள்ளி, மரை சிவப்பு. மாட்டினால் தெரியவில்லை. காஸ்டிக் தண்ணீரை நிறையத் தண்ணீர் கலந்து கழிவுநீர்க் குழாயில்தான் விட்டேன், செடிப் பக்கம் போகவில்லை.

கடைசிக் கேள்வி. பாலிஷ் போட்டு அப்படியே விட்டால் மழைக்காலத்தில் மங்கிவிடுமா? மறுபடி நிறமில்லாமல் அனோடைஸ் செய்யக் கொடுக்கலாமா?

ஓசூர் ராக் எழுதியது:

மிகவும் சந்தோஷம் தம்பி, கண்ணாடி போட்டீர்கள் என்று நம்புகிறேன்.

பாலிஷ் போட்டு அப்படியே விட்டால் மங்கும். அனோடைசிங் இல்லாத அலுமினியம், கை வியர்வையும் மழையும் பட்டால் வெள்ளை பூக்கும். முனைக் குண்டுக்கும் ரியர் செட்டுக்கும் மெழுகு போட்டு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை துடைத்தால் போதும். லீவரை மட்டும் கொடுங்கள், தினமும் கை படுகிற இடம் அது. மதுரையில் இல்லாவிட்டால் கோவைப் பக்கம் ஜாப் ஒர்க் பட்டறைகள் உண்டு. நேச்சுரல், 10 மைக்ரான் என்று கேளுங்கள். இரும்பு புஷ், ஹெலிகாயில் (மரைக்குள் செருகும் கம்பிச் சுருள்) எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, ஆசிட் டேங்கில் இரும்பு கரையும், கரென்ட்டையும் அதுவே இழுத்துக்கொள்ளும். முக்கியமாக இன்னொன்று சொல்லிக் கொடுங்கள்: ஏற்கெனவே ஸ்ட்ரிப் ஆகிப் பாலிஷ் போட்டது, எட்ச் டேங்கில் போட வேண்டாம் என்று. சொல்லாவிட்டால் பழக்கத்தில் அவர்கள் மறுபடி காஸ்டிக்கில் இறக்குவார்கள், உங்கள் 1500 தாள் வேலையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சாக்பீஸ் ஆகிவிடும். ராக் கிளிப் பிடித்த இடத்தில் ஒரு புள்ளி நிற்கும். பிவட் ஓட்டைக்குள் பிடிக்கச் சொல்லுங்கள்.